லட்ச ரூபாய் லேப்டாப்: கூடுதல் பணம் எங்கே போகிறது?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து, கவுன்சிலிங் முடிந்து, கல்லூரியில் இடம் உறுதியானதும் தமிழ்நாட்டு வீடுகளில் அடுத்த பேச்சு லேப்டாப்தான். கடைக்குப் போனால் 38 ஆயிரத்துக்கும் ஒன்று இருக்கிறது, 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் ஒன்று இருக்கிறது. இரண்டிலும் படம் ஓடுகிறது, இரண்டிலும் டைப் அடிக்க முடிகிறது. ஐ.டி.யில் இருக்கும் சித்தப்பா, வாங்கினால் ஆப்பிள்தான், பத்து வருஷம் உழைக்கும் என்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன், அதெல்லாம் பேருக்குக் கொடுக்கிற காசு என்கிறார். இருவரும் அடித்துச் சொல்கிறார்கள். நடுவில் நிற்கும் அப்பா, நகையை வைத்தாவது பிள்ளைக்கு நல்லதாக வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு முடிவுக்கு வருகிறார். ஒரு குடும்பத்தின் இரண்டு மூன்று மாத வருமானம் இப்படி அரைகுறைத் தகவலை நம்பிச் செலவாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

சித்தப்பா சொல்வதில் உண்மை இருக்கிறது, அண்ணன் சொல்வதிலும் இருக்கிறது. விலை உயர்ந்த கணினிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்குக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு உணரக்கூடிய பலன் உண்டு. ஆனால் அந்தப் பலன் மூடியின் மேல் பதித்த பெயரில் இல்லை; எந்த வரிசைக் கணினி என்பதில் இருக்கிறது. அந்தப் பலனை அனுபவிக்க முழு விலை கொடுத்துப் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை.

பெயரைப் பற்றி முதலில் பேசிவிடலாம். உலகில் விற்கும் லேப்டாப்புகளில் பெரும்பகுதியைச் செய்பவை குவான்டா, கொம்பல், விஸ்ட்ரான், இன்வென்டெக், பெகட்ரான் போன்ற தைவான் நிறுவனங்கள். நம் ஊர்ப் பக்கமே பாருங்கள்: டெல் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் 2007-ல் ஆலை திறந்தது. ஹெச்.பி. லேப்டாப்புகளை ஃபிளெக்ஸ் என்ற ஒப்பந்த நிறுவனம் அதே வட்டாரத்தில் செய்து கொடுக்கிறது. லெனோவாவுக்குப் புதுச்சேரியில் ஆலை இருக்கிறது. உள்ளே போகும் சிப் இன்டெல் அல்லது ஏ.எம்.டி.; மெமரி சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான்; திரை எல்ஜி, பி.ஓ.இ., ஏ.யூ. ஆப்ட்ரானிக்ஸ். எந்தப் பெயர் ஒட்டினாலும் உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். ஒரே டெய்லரிடம் இரண்டு பேர் சட்டை தைக்கக் கொடுத்தாலும், எடுத்துக்கொடுத்த துணியும் கொடுத்த கூலியும் வேறு என்றால் சட்டையும் வேறாகத்தானே இருக்கும்? லேப்டாப்பிலும் அதுதான் நடக்கிறது. தைப்பவர் பொது, துணிக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று பெயருக்குச் சொந்தக்காரர் போடும் உத்தரவுதான் வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

அந்த உத்தரவு ஒரே நிறுவனத்துக்குள்ளேயே இரண்டு விதமாகப் போகிறது. டெல்லில் இன்ஸ்பிரான் என்பது வீட்டுக்கு, லாட்டிட்யூட் என்பது அலுவலகத்துக்கு என்று இருந்தது. 2025-ல் பெயர்களை மாற்றி, அலுவலக வரிசையை டெல் புரோ என்கிறார்கள். ஹெச்.பி.யில் பெவிலியன் வீட்டுக்கு, எலைட்புக் அலுவலகத்துக்கு. லெனோவாவில் ஐடியாபேட் வீட்டுக்கு, திங்க்பேட் அலுவலகத்துக்கு. டெல் நல்லதா, ஹெச்.பி. நல்லதா என்று கேட்பதால் பயன் இல்லாமல் போவது இதனால்தான். ஒரு டெல்லுக்கும் இன்னொரு டெல்லுக்கும் இருக்கும் தூரம், பல நேரம் டெல்லுக்கும் ஹெச்.பி.க்கும் இருக்கும் தூரத்தைவிட அதிகம்.

மூடி எதில் நிற்கிறது?

அந்தத் தூரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஷோரூமுக்குப் போகக் கூடாது. சர்வீஸ் கடைக்குப் போக வேண்டும். சென்னையில் மவுன்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு பக்கம் எந்த ரிப்பேர் மேஜையிலும் ஒரு லேப்டாப்பாவது மூடி பிளந்து கிடக்கும். திரையின் கீழ் மூலை வாயைத் திறந்தபடி, உள்ளிருக்கும் ஒயர் வெளியே தெரிய இருக்கும். கீழே விழுந்து உடைந்தது என்று நினைப்போம். இல்லை. திறந்து மூடியதாலேயே உடைந்தது.

காரணம் ஹிஞ்ச், அதாவது மூடியையும் அடிப்பாகத்தையும் இணைக்கும் கீல். விலை குறைந்த மாடல்களில் அந்தக் கீல் ஒரு பிளாஸ்டிக் உடம்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பிளாஸ்டிக்கிலேயே சிறு குமிழ்கள் எழுப்பி, ஒவ்வொன்றுக்குள்ளும் மிளகு அளவுப் பித்தளை மரை ஒன்றைச் சூடாக்கிப் பதித்திருப்பார்கள். கீலின் ஸ்க்ரூ அந்தப் பித்தளையைத்தான் பிடித்திருக்கிறது. பித்தளையைப் பிடித்திருப்பது வெறும் பிளாஸ்டிக். புதிதில் சரியாகத்தான் இருக்கும். இரண்டு வருடத்தில் தூசு சேர்ந்து கீல் இறுகும். மூடியை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. இறுகிய கீல் சுழல மறுக்கும்போது அந்த விசை முழுவதும் பித்தளை மரைகளின் மேல் இறங்குகிறது. ஒரு நாள் ஒரு மரை பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வெளியே வருகிறது. மிச்சம் இருக்கும் மரைகள் அதன் சுமையையும் சேர்த்துச் சுமந்து, சில வாரங்களில் அவையும் வருகின்றன. மதர்போர்டு நன்றாக இருக்கும், திரை நன்றாக இருக்கும், கணினியை மூட மட்டும் முடியாது. கடைக்காரர் பசை ஊற்றி ஒட்டித் தருவார்; அது சில மாதம் தாங்கும். இல்லையென்றால் பாடியையே மாற்ற வேண்டும்.

அலுவலக வரிசைக் கணினியில் அதே கீல் மெக்னீசியக் கலவைச் சட்டத்திலோ அலுமினிய உடம்பிலோ நேராக முடுக்கப்பட்டிருக்கிறது. ஆப்பிளின் மேக்புக்கில் உடம்பே ஒரே அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்து எடுத்தது. உலோகத்துக்குள் மரை வெட்டி ஸ்க்ரூ போட்டால் அது லேசில் பிடுங்கிக்கொண்டு வராது. இதற்குக் கூடுதல் செலவாகும். 40 ஆயிரம் ரூபாய்க்குள் அடக்க வேண்டும் என்று உட்காரும்போது முதலில் வெட்டப்படுவது வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத இந்தச் செலவுதான். ஸ்டிக்கரில் போடக்கூடிய சிப்பையும் ரேமையும் யாரும் வெட்ட மாட்டார்கள். 'எங்கள் கீல் உலோகத்தில் நிற்கிறது' என்று எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை.

'ராணுவத் தரம்' என்று எழுதியிருப்பதை நம்பிவிடவும் வேண்டாம். அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைகளைப் பின்பற்றி நிறுவனமே ஒரு சோதனையை நடத்திக்கொண்டது என்பதுதான் அதன் பொருள். எத்தனை சோதனைகள், எவ்வளவு கடுமையாக என்பதெல்லாம் அவர்கள் முடிவு. ராணுவம் யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை.

கண்ணுக்கும் கைக்கும்

அடுத்த வித்தியாசம் திரை. தமிழ் படிப்பவர்கள், எழுதுபவர்கள் இதை மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் நேர்கோடுகள் அதிகம். குறைந்த தெளிவிலும் படித்துவிடலாம். நம் எழுத்தில் சுழி அதிகம். 'ணை', 'ஞா', 'ஐ' இவற்றை மலிவான 1366க்கு 768 புள்ளித் திரையில் சிறிய அளவில் பாருங்கள். சுழிகளின் உள்ளிடம் அடைத்துக்கொண்டு கறுப்புத் திட்டாகத் தெரியும். மூன்று சுழி ணவா, இரண்டு சுழி னவா என்று கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். புரூஃப் பார்ப்பவர்களுக்கு இது தலைவலி என்றால் நிஜமாகவே தலைவலிதான். ஆப்பிள் 2012-ல் மேக்புக் புரோவில் ரெட்டினா திரையைக் கொண்டுவந்தபோது, அச்சுக்குப் பக்கத்தில் வரும் தெளிவில் தமிழைத் திரையில் படிக்க முடிந்தது. அந்தக் கணினியில் இருந்த இணைமதி எழுத்துருவை உருவாக்கியவர் மலேசியாவின் முத்து நெடுமாறன் என்பதையும் சொல்ல வேண்டும். இன்று நடுத்தர விலையிலேயே 1920க்கு 1080 புள்ளித் திரை வந்துவிட்டது. ஆனாலும் மலிவுத் திரைகள் வெளிச்சத்தில் 250 நிட்ஸ் அளவில் நின்றுவிடுகின்றன. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் முகம்தான் தெரியும். நல்ல திரைகள் 400, 500 நிட்ஸ் போகின்றன. நிறமும் அப்படித்தான்: மலிவுத் திரையில் ஒரு பட்டுப் புடவையின் அரக்கு, மங்கிய செம்மண்ணாகத் தெரியும். போட்டோ எடுத்து விற்பவர்களும் துணி வியாபாரம் செய்பவர்களும் அந்தத் திரையை நம்பினால் வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்க வேண்டியிருக்கும்.

கீபோர்டு, டச்பேட் இரண்டும் நாள் முழுக்க விரல் படும் இடங்கள். நடுவில் அழுத்தும்போது வளைந்துகொடுக்கும் கீபோர்டில் பத்துப் பக்கம் அடித்துப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திங்க்பேட் வரிசையில் பல மாடல்களில் கீபோர்டுக்கு அடியில் வடிகால் துளைகளே இருக்கின்றன. டீயோ தண்ணீரோ கொட்டினால் மதர்போர்டில் தேங்காமல் அடிவழியாக ஒழுகிவிடும். 1992-ல் ஐ.பி.எம். முதல் திங்க்பேடைக் கொண்டுவந்தபோது அதன் கறுப்புப் பெட்டி வடிவத்துக்குப் பின்னால் இருந்தவர் ரிச்சர்ட் சாப்பர் என்ற ஜெர்மன் வடிவமைப்பாளர். 2005-ல் அந்தத் தொழிலை லெனோவா வாங்கியது. பெயரும் முதலாளியும் மாறியும், அந்த வரிசையின் கீபோர்டு பற்றிய நல்ல பெயர் பெரிய அளவில் மாறவில்லை.

பிராசஸர் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வேர்டு, எக்செல், பிரவுசர், ஜூம் என்று வாழ்பவருக்கு இன்றைய எந்த ஐ5-உம், ரைசன் 5-உம் போதும். ஒன்று மட்டும்: ஒரே சிப் இரண்டு லேப்டாப்பில் ஒரே வேகத்தில் ஓடும் என்று நினைக்க வேண்டாம். சூட்டை வெளியே தள்ளும் செம்புக் குழாயும் ஃபேனும் சின்னதாக இருந்தால், சூடு ஏறியதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஏ.சி. இல்லாத அறையில், மே மாதத்தில், இது நன்றாகத் தெரியும்.

வருடக் கணக்கு

இப்போது காசுக்கு வருவோம். ஆப்பிள் தன் சொந்தச் சிப்பான எம்1-ஐ வைத்து மேக்புக் ஏர் கணினியை 2020 நவம்பரில் வெளியிட்டபோது இந்தியாவில் அதன் தொடக்க விலை 92,900 ரூபாய். ஃபேனே கிடையாது, அந்தச் சிப்புக்கு அது தேவைப்படவில்லை. ஒரு முறை சார்ஜ் செய்தால் 15 மணி நேரம் இணையம் பார்க்கலாம் என்று ஆப்பிள் சொன்னது. அதில் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும், கரன்ட் போன மதிய வேளையில் அது பெரிய விஷயம். 2025-ல் வந்த மேக் ஓ.எஸ். டாஹோவும் அந்த எம்1-ல் ஓடுகிறது. ஆறு ஆண்டுகள் உழைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 15,500 ரூபாய்.

அதே நாளில் 45 ஆயிரம் கொடுத்து ஒருவர் சாதாரண வரிசையில் ஒன்றை வாங்கினார், அது மூன்று ஆண்டுகளில் கீல் பிளந்து, பேட்டரி செத்து ஓய்ந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 15 ஆயிரம். இரண்டு பேரும் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரே தொகையைத்தான் செலவழித்திருக்கிறார்கள். ஒருவருக்கு ஆறு வருடம் நல்ல திரை, நல்ல கீபோர்டு, சூடாகாத மடி. மற்றவருக்கு மூன்று வருடம் ஃபேன் இரைச்சல், அதற்குப் பிறகு மறுபடி கடை. பழையதை விற்கும்போதும் மேக்குக்கு ஒரு விலை கிடைக்கிறது. மற்றதை எக்ஸ்சேஞ்சில் போட்டால் கிடைப்பது அற்பம். சித்தப்பா சொல்வதில் உண்மை இருக்கிறது என்று சொன்னது இதற்காகத்தான்.

ஐ.பி.எம். நிறுவனமும் இப்படி ஒரு கணக்குப் போட்டது. தன் ஊழியர்களுக்கு மேக் கொடுக்கத் தொடங்கிய பின், நான்கு ஆண்டுக் காலத்தில் ஒரு மேக்குக்கு 273 முதல் 543 டாலர் வரை மிச்சமாகிறது என்று 2016-ல் அதன் அதிகாரி பிளெச்சர் பிரெவின் அறிவித்தார். உதவி கேட்டு வரும் அழைப்புகளும் பழுதும் குறைவு என்பது காரணம். இதைப் படிக்கும்போது, 2014-லிருந்தே ஐ.பி.எம்.மும் ஆப்பிளும் வணிகக் கூட்டாளிகள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஐ.பி.எம்.முக்கு இருக்கும் தொழில்நுட்பக் குழு நம் வீட்டில் இல்லை என்பதையும்தான்.

ஆனால் இந்த வருடக் கணக்கு ஒரு நிபந்தனையில்தான் நிற்கிறது: நடுவில் எதுவும் கெடக் கூடாது. மேக்கில் ரேமும் சேமிப்பும் மதர்போர்டோடு ஒட்டிப் பிறந்தவை. ஒன்று போனால் மொத்தமும் போனது. திரை உடைந்தால், வாரன்டி இல்லாத நிலையில், பில் கையில் வரும்போது அந்தப் பணத்துக்கு ஒரு புது விண்டோஸ் லேப்டாப்பே வாங்கலாமே என்று தோன்றும். ரிச்சி தெருவில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தவுடன் சரியாகும் சமாச்சாரம் இல்லை அது. பை தூக்கிப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும் மாணவனுக்கு இந்த ஆபத்து, ஏ.சி. அறையில் வேலை பார்ப்பவருக்கு இருப்பதைவிடப் பல மடங்கு.

விலை உயர்ந்தது கெடவே கெடாது என்பதும் பொய். ஆப்பிள் 2015-ல் பட்டர்ஃபிளை என்ற மெல்லிய கீபோர்டைக் கொண்டுவந்தது. ஒரு துகள் தூசு உள்ளே போனால் எழுத்து விழாது, அல்லது இரண்டு முறை விழும். லட்சங்களில் விற்ற மேக்புக் புரோவிலும் அதுதான். 2018 ஜூனில் இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டத்தை அறிவித்தார்கள்; 2019 நவம்பரில்தான் பழைய வகைக் கீபோர்டுக்குத் திரும்பத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் நடந்த வழக்கில் 2022-ல் 5 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பணம் ஏழு அமெரிக்க மாநிலங்களில் வாங்கியவர்களுக்கு மட்டும். அதற்கு முன்னால் 2011 மேக்புக் புரோக்களின் கிராபிக்ஸ் சிப் வரிசையாகச் செத்து, 2015-ல் அதற்கும் ஒரு பழுதுநீக்கத் திட்டம் வந்தது. 2020-ன் தொடக்கத்தில் இன்டெல் சிப்போடு வந்த மேக்புக் ஏரை வாங்கியவர்கள் நிலைமை இன்னும் வருத்தம். அதே வருடக் கடைசியில் எம்1 வந்து அவர்களுடைய கணினியை ஒரே நாளில் பழசாக்கியது. 2025-ன் மேக் ஓ.எஸ். அவர்களுக்குக் கிடையாது. இவர்களும் எம்1 வாங்கியவர்களும் ஏறக்குறைய ஒரே விலை கொடுத்தவர்கள். வாங்கிய மாதம்தான் வேறு.

அப்புறம் கூடுதல் ரேமுக்கு ஆப்பிள் போடும் விலை. 8 ஜிபி ரேமை 16 ஆக்க 20 ஆயிரம் ரூபாய், 256 ஜிபி சேமிப்பை 512 ஆக்க இன்னொரு 20 ஆயிரம் என்று பல வருடம் வாங்கினார்கள். அதே காலத்தில் சாதாரண லேப்டாப்புக்கான 8 ஜிபி ரேம் கடையில் சுமார் 2 ஆயிரத்துக்குக் கிடைத்தது. இரண்டும் அச்சு அசல் ஒரே பொருள் அல்ல. ஆப்பிளின் மெமரி சிப்போடு சேர்ந்தே வருகிறது, வேகமும் அதிகம். இருந்தாலும் பத்து மடங்குக்கு எந்தப் பொறியியல் காரணமும் இல்லை. வாங்கிய பிறகு நீங்களாகக் கூட்ட முடியாது என்பதுதான் அந்த விலையின் காரணம். 2024 அக்டோபரில் அடிப்படை மாடலிலேயே 16 ஜிபி கொடுக்க ஆரம்பித்தபோது அந்த விலையை நியாயப்படுத்தும் வாதமே அடிபட்டுப்போனது. 2025 மார்ச்சில் 16 ஜிபியோடு வந்த எம்4 ஏரின் தொடக்க விலை 99,900.

சிலருக்கு மேக் வேலைக்கே ஆகாது. டேலியில் கணக்கு எழுதுபவர்கள், சாலிட்வொர்க்ஸ் பழக வேண்டிய மெக்கானிக்கல் மாணவர்கள் இவர்களுக்கு விண்டோஸ்தான். எவ்வளவு நல்ல கணினி என்றாலும், வேண்டிய சாஃப்ட்வேர் ஓடவில்லை என்றால் அதற்குக் கொடுத்த பணம் வீண்.

அலுவலகம் கழித்ததை வீடு எடுத்துக்கொள்ளலாம்

இங்கேதான் பெரும்பாலான பெற்றோருக்குச் சொல்லப்படாத வழி ஒன்று இருக்கிறது. முதலில் இந்த விலைகள் யாருக்காகப் போடப்படுகின்றன என்று பாருங்கள். லேப்டாப்புக்கு 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. 99,900 ரூபாய்க் கணினியில் 15,239 ரூபாய் வரி. ஜி.எஸ்.டி. பதிவுள்ள நிறுவனம் தன் தொழிலுக்காக வாங்கினால் அந்த வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். மீதித் தொகைக்கு வருமான வரியில் ஆண்டுக்கு 40 சதவிகிதம் தேய்மானம் காட்டலாம். மாதச் சம்பளக்காரர் தன் மகளுக்கு வாங்கினால் இரண்டும் கிடையாது. முழு விலையும் அவர் சட்டைப் பையிலிருந்துதான். நோ காஸ்ட் இ.எம்.ஐ. என்று போட்டாலும் வட்டி மேல் ஜி.எஸ்.டி.யும் பிராசஸிங் ஃபீஸும் பில்லில் ஒளிந்திருக்கும்.

நிறுவனங்கள் இந்தக் கணினிகளை மூன்று, நான்கு வருடம் பயன்படுத்திவிட்டு, வாரன்டி முடிந்ததும் மொத்தமாகக் கழிக்கின்றன. சென்னை, பெங்களூரு ஐ.டி. அலுவலகங்களிலிருந்து இப்படி வெளியே வரும் லாட்டிட்யூடும் எலைட்புக்கும் திங்க்பேடும்தான் செகண்ட் ஹேண்ட் கடைகளில் அடுக்கியிருப்பவை. ஏ.சி.யில் மேஜை மேல் இருந்தவை. உலோகக் கீல், நல்ல கீபோர்டு, பல மாடல்களில் திறந்தால் கழற்றி மாற்றக்கூடிய ரேம், எஸ்.எஸ்.டி., பேட்டரி. எந்த ஸ்க்ரூவை எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்ற சர்வீஸ் மேனுவலை லெனோவாவும் டெல்லும் இணையத்தில் யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கின்றன. புதிதில் லட்ச ரூபாய்க்குப் பக்கத்தில் விற்ற மாடல் இன்று 20, 25 ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. 25 ஆயிரம் என்றே வைத்தாலும், நான்கு வருடம் உழைத்தால் ஆண்டுக்கு 6 ஆயிரத்துச் சொச்சம். முன்னே போட்ட இரண்டு கணக்கிலும் இது பாதிக்கும் குறைவு.

எதை எடுத்தாலும் சரி என்பதல்ல. மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஓட, இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறைச் சிப்பாவது வேண்டும். கடையில் திங்க்பேட் டி470, டி480 என்று இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பார்க்க இரட்டைப் பிள்ளைகள். முதலாவது ஏழாம் தலைமுறையோடு முடிந்தது, இரண்டாவது 2018-ல் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோடு வந்தது. விலை வித்தியாசம் அதிகம் இருக்காது, ஆயுள் வித்தியாசம் அதிகம். முடிந்தால் அதைவிடப் புதிய தலைமுறையாகவே பார்ப்பது நல்லது.

வாங்கும் இடத்தில் அவசரப்படக் கூடாது. மூடியை ஒரு மூலையில் பிடித்து மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். கீழ்ப்பாகம் பிளக்கிறதா, சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். எல்லா கீயையும் ஒரு தடவை அடியுங்கள். முழு வெள்ளைத் திரை போட்டுப் புள்ளியோ கோடோ இருக்கிறதா பாருங்கள். விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். முதலில் இருந்த கொள்ளளவில் எவ்வளவு மிச்சம் என்று அது சொல்லிவிடும். பாதிக்கும் கீழே என்றால் புது பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். கணினியை அணைத்து மறுபடி போடும்போது, அதன் அடிப்படை அமைப்புப் பக்கமான பயோஸுக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அந்த நிறுவனத்தின் பூட்டு இன்னும் விலகவில்லை, அதை எடுக்க வேண்டாம். பழைய மேக்கிலும் முந்தைய உரிமையாளரின் கணக்கோ அலுவலகக் கட்டுப்பாடோ இருந்தால் அது வெறும் அலுமினியத் தட்டு. எல்லாவற்றையும்விட முக்கியம், சீரியல் நம்பர் போட்ட ஜி.எஸ்.டி. பில். பில் தர மாட்டேன் என்றால் அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி நம் வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

அப்படியானால் புதிதாக, முழு விலைக்கு, யார் வாங்கலாம்? வீடியோ எடிட்டிங், போட்டோ, டிசைன் செய்து சம்பாதிப்பவர்கள். நாளுக்கு எட்டு மணி நேரம் மென்பொருள் எழுதுபவர்கள். ஊர் ஊராகப் போய்ச் சார்ஜர் தேடாமல் வேலை முடிக்க வேண்டிய நிருபர்கள், ஆடிட்டர்கள். கணினி நின்றால் அன்றைய வருமானம் நிற்கும் என்பவர்களுக்கு ஆண்டுக்கு 15 ஆயிரம் என்பது அதிகம் இல்லை. வரி வரவும் தேய்மானமும் எடுக்க முடிந்தால் இன்னும் குறைவு. இவர்கள் தயங்காமல் வாங்கலாம். கண்ணும் மணிக்கட்டும் பல வருடம் நன்றி சொல்லும்.

வாங்கவே கூடாத ஒரு வகையும் உண்டு, அதைச் சொல்லும் கடைக்காரர் குறைவு. 50லிருந்து 60 ஆயிரத்துக்குள், பளபளவென்று வெள்ளிப் பூச்சோடு, வேகமான சிப்பும் ஓரத்தில் வண்ண விளக்கும் போட்டு விற்கும் பிளாஸ்டிக் லேப்டாப்புகள். அலுமினியம் போலத் தெரிவது பெயின்ட். கேமிங் என்று எழுதியிருக்கும். கல்லூரி போகும் பையன் கண் முதலில் அங்கேதான் போகும். அதில் சிப்புக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் போன பணம் கீலிலிருந்தும் திரையிலிருந்தும் பேட்டரியிலிருந்தும் எடுக்கப்பட்டது.

2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, பல லட்சம் வீடுகளுக்குள் முதன்முதலாகக் கணினி நுழைந்தது. ரொம்பச் சாதாரண கணினிகள் அவை. அதில் படித்து வேலைக்குப் போனவர்கள் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். முதல் வருடத்தில் ஒரு மாணவனுக்கு வேண்டியது எழுத, படிக்க, நிரல் பழக ஒரு கணினி. எந்தத் துறையில் போகப்போகிறான் என்று அப்போது அவனுக்கே தெரியாது. மூன்றாம் வருடத்தில்தான் தெரியும்: மெக்கானிக்கலில் டிசைன் பக்கம் போனால் கிராபிக்ஸ் கார்டு உள்ள விண்டோஸ் கணினி, ஐபோன் செயலி எழுதப் போனால் மேக், செயற்கை நுண்ணறிவு என்றால் கனமான வேலையெல்லாம் பெரும்பாலும் வாடகை சர்வரில் ஓடும், கையில் இருப்பதே போதும். 60 ஆயிரம் பட்ஜெட் வைத்திருக்கும் பெற்றோர் இப்போது 25 ஆயிரத்துக்கு ஒரு நல்ல அலுவலகக் கணினியை எடுத்து, 2 ஆயிரத்துக்கு ஒரு நல்ல பையும் வாங்கிவிட்டு, மிச்சம் 33 ஆயிரத்தைப் பிள்ளையின் பெயரிலேயே பேங்கில் போட்டு வைக்கட்டும். மூன்றாம் வருடம் இன்டர்ன்ஷிப் கிடைக்கும்போது, என்ன வேண்டும் என்று அவனே சொல்வான். மாடல் நம்பரோடு சொல்வான்.